தெத்துப்பல் என்கிற உறுப்பினர்

திங்கட்கிழமை காலையிலிருந்தே அவளுடைய நாக்கு ஓரிடத்தில் நிற்கவில்லை. மேல் வரிசையில் இடப்பக்கம் ஒரு பல் மட்டும் வரிசையை விட்டு வெளியே வந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். நாக்கு சும்மா சும்மா அதனிடம் போய்த் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. சனிக்கிழமை பத்து மணிக்கு அந்தப் பல்லைப் பிடுங்கப் போகிறார்கள். இன்னும் ஐந்து நாள்தான்.

அவள் வேலை பார்ப்பது பல்செட் செய்யும் லேபில். டாக்டர்கள் நோயாளியின் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள். அந்த அளவில் பிளாஸ்டர் ஊற்றினால் வாய் அப்படியே வெள்ளை அச்சாக எழுந்து வரும். அச்சின்மேல் ரோஸ் மெழுகை வைத்து, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, பிறகு மெழுகை எடுத்துவிட்டு ஈறு நிறத்தில் வார்த்து, கடைசியில் பளபளவென்று தேய்த்து அனுப்ப வேண்டும். அந்தக் கடைசி வேலை அவளுடையது. ஆறு வருஷமாக அதே மெஷின், அதே ஸ்டூல். அதனால் லேபில் அவளுக்குப் பெயரே பாலிஷ் என்றாகிவிட்டது. மொத்தம் மூன்றே பேர். லேபின் சொந்தக்காரரை எல்லோரும் அண்ணன் என்பார்கள். பல் நடுகிறவள் மெழுகு அக்கா. மூன்றாவது ஆள் பாலிஷ்.

பிடுங்கும் யோசனை அண்ணனுடையது. போன மாதம் ஏதோ ஒரு வேடிக்கைக்கு அவள் சிரித்தபோது அவர் கவனித்துவிட்டார். பல்செட் கடையில் இருக்கிற பெண் இப்படி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தால், கடைக்காரனே தன் கடைச் சாமானை நம்பவில்லை என்றுதானே ஊர் நினைக்கும் என்று கேட்டார். கேட்டதோடு விடவில்லை. தெரிந்த டாக்டரிடம் பேசி, தெத்துப்பல்லைப் பிடுங்கிவிட்டுப் பக்கத்துப் பற்களோடு சேர்த்து வரிசையில் ஒரு புதுப் பல் கட்டுவது என்று முடிவு செய்து, அவளிடம் சொல்வதற்கு முன்னால் அவளுடைய அம்மாவுக்குப் போன் போட்டுவிட்டார். நல்ல மனிதர். நல்ல மனிதர்களிடம்தான் வேண்டாம் என்று சொல்ல முடிவதில்லை.

அம்மா அன்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அழுதாள். ஒன்பது வயதில் பள்ளிக்கூடத்துக்கு வந்த டாக்டரம்மா கம்பி கட்டச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தாராம். லீவில் பார்க்கலாம், அடுத்த லீவில் பார்க்கலாம் என்று தள்ளித் தள்ளியே காலம் போய்விட்டதாம். அந்தச் சீட்டு இன்னும் பீரோவில் இருக்கிறதாம். மகள் ஒவ்வொரு புகைப்படத்திலும் உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் தன்னை யாரோ கன்னத்தில் அறைவது போலிருக்குமாம். இத்தனையும் சொல்லிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டு, தான் வேலை பார்க்கும் கேன்டீனில் அந்தச் சனிக்கிழமைக்கு லீவு கேட்டுவிட்டதாகவும் சொன்னாள். அப்புறம் அவளால் எதைச் சொல்ல முடியும்? சரி என்று தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை இப்போது திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

காரணம் அவள் பைக்குள் இருந்த போன்.

பல் லேப்களில் வேலை செய்கிறவர்களுக்கென்று போனில் ஒரு குழு உண்டு. பல ஊர்க்காரர்கள், நானூறு பேர் இருப்பார்கள். யாரும் யாரையும் பார்த்ததில்லை. மெழுகு உருகி வழிகிறது, வார்த்ததில் குமிழி விழுகிறது, டாக்டர் திட்டுகிறார் என்று கேள்வி கேட்பதும் பதில் சொல்வதுமாக நாள் முழுக்க ஓடும். அதில் 'தெத்துப்பல்' என்று ஓர் உறுப்பினர். ஜன்னல் விளிம்பில் வைத்த ஒரு பிளாஸ்டர் அச்சு, பக்கவாட்டில் காலை வெயில், ஒரு பல் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் படம். தெத்துப்பல் பதில் சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். குழுவில் எல்லோரும் அவரை ஐயா என்றுதான் அழைத்தார்கள். முப்பது வருஷமாவது தொழிலில் இருந்திருப்பார், ரிட்டயர் ஆகியிருப்பார், கண்ணாடி போட்டிருப்பார் என்று அவர்களே ஒரு கிழவரைச் செய்துவைத்துக்கொண்டார்கள்.

அந்தக் கிழவர் அவள்தான். படத்தில் இருப்பது அவள் வாய்.

லேபில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் வாரத்தில் ஒரு சடங்கு போல அளவெடுப்பார் அண்ணன். தன் வாயில் அந்த மாவுத் தட்டு ஏறினால்தான் நோயாளியின் கஷ்டம் தெரியும் என்பார். அவள் அச்சு கொஞ்ச நாள் அலமாரியில் கிடந்தது. குப்பைக்குப் போன அன்று அவள் அதைத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனாள். ஏன் என்று அப்போது அவளுக்கே தெரியாது.

பெயர் வந்தது அதற்கு இரண்டு வருஷம் கழித்து. ஓய்வு பெற்ற ஒரு டீச்சர் தன் பல்செட்டை மூன்று முறை திருப்பி அனுப்பினார். வலியில்லை, ஆட்டமில்லை, எதுவுமில்லை. ஆனாலும் வேண்டாம் என்றார். மூன்றாம் முறை அவரே மாடியேறி லேபுக்கு வந்தார். அண்ணன் வெளியே போயிருந்தார். டீச்சர் கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, அதற்குள்ளிருந்த பல்செட்டை மேசைமேல் வைத்து, "இது யாரோட வாயோம்மா. கண்ணாடியப் பாத்தா யாரோ ஒருத்தி எம் புடவையக் கட்டிக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கு" என்றார். பழைய புகைப்படம் இருக்கிறதா என்று பாலிஷ் கேட்டாள். இருந்தது. முன்பல் இரண்டில் ஒன்று மற்றதன்மேல் லேசாக ஏறியிருந்தது. மறுபடி மெழுகில் பல் நட்டு வைத்திருந்தபோது, எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் அவள் கத்தியைச் சூடு பண்ணி அந்த ஒரு பல்லை ஒரு நெல்லளவு திருப்பிவிட்டாள். பாலிஷ்காரி மெழுகில் கை வைக்கக் கூடாது. தெரிந்தால் வேலை போயிருக்கும். ஆனால் அந்தப் பல்செட் திரும்பி வரவில்லை.

அன்றைக்குத்தான் குழுவில் சேர்ந்தாள். பெயர் கேட்டது. விரல் தானாக அடித்தது. படம் கேட்டது. துணியைப் பிரித்து அச்சை ஜன்னலில் வைத்தாள். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேச வராதவள், அந்த வாயின் பெயரிலேயே நாலு வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தாள். வரிசையாக நடாதீர்கள், ஆளைக் கேளுங்கள், பழைய படத்தைக் கேளுங்கள், மனிதரின் கோணலை மனிதருக்கே திருப்பிக் கொடுங்கள் என்று அவள் எழுதியதைப் படித்துவிட்டுப் பார்க்காத ஊர்களில் யார் யாரோ பல் நட்டார்கள்.

இந்தத் திங்கட்கிழமை குழுவை நடத்துகிறவர் ஒரு விளையாட்டைத் தொடங்கிவைத்தார். உங்கள் பெயருக்கும் படத்துக்கும் என்ன காரணம், வெள்ளிக்கிழமைக்குள் எல்லோரும் சொல்லியாக வேண்டும். பதில்கள் வந்து குவிந்தன. 'ஞானப்பல்' என்பவர் தனக்கு அது முப்பத்திரண்டு வயதில் முளைத்தது, ஞானம் இன்னும் வந்து சேரவில்லை என்று எழுதினார். 'வெள்ளிச்சிரிப்பு' என்பவர் எழுதினார்: ஒரு காரணமும் இல்லை, கேட்ட பெயரெல்லாம் வேறு ஆட்கள் வைத்திருந்தார்கள், இது காலியாக இருந்தது. பிறகு ஆளாளுக்கு ஒரே கேள்வி. ஐயா எங்கே? தெத்துப்பல் ஐயாவின் கதை எங்கே?

வெள்ளிச்சிரிப்பு வேறு யாருமில்லை, அண்ணன்தான். அது அவளுக்குத் தெரியும், அவருக்குத்தான் அவளைத் தெரியாது. இரண்டு மாதத்துக்கு முன்னால் ரேடியோவில் செய்தி வாசிக்கும் ஓர் அம்மாவின் பல்செட் விசிலடிக்கிறது என்று திரும்பி வந்தது. அண்ணன் தன் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து குழுவில் கேட்டார். பத்தடி தள்ளி மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தவள், கையிலிருந்த தூளைத் துடைத்துவிட்டு, முன்பற்களுக்கு நடுவே ஒரு காகிதம் நுழையும் அளவு இடைவெளி விடச் சொல்லிப் பதில் போட்டாள். அரை நிமிஷத்தில் அண்ணன் வெளியே வந்து, தனக்குத் திடீரென்று ஒன்று தோன்றியதாக மெழுகு அக்காவிடம் சொன்னார். அக்கா அப்படியே நட்டாள். ரேடியோவில் விசில் நின்றது. அன்று மாலை வெள்ளிச்சிரிப்பு, ஐயா ஒரு முறை எங்கள் லேபுக்கு வந்து கால் வைக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்.

அதையெல்லாம் நினைத்தால் அவளுக்குச் சிரிப்பு வரும். இந்த வாரம் வரவில்லை. என்னவென்று பதில் எழுதுவது? உண்மையைச் சொன்னால் நானூறு பேர் செய்துவைத்த கிழவர் செத்துப்போவார். பொய் சொன்னால் அந்தப் பெயருக்கே பொய் சொன்னது போலாகும். அதைவிடப் பெரிய உறுத்தல் ஒன்று இருந்தது. சனிக்கிழமைக்குப் பிறகு அந்தப் பெயர் யாருடையது? வாயில் வரிசையாகப் பல் வைத்துக்கொண்டு, கோணலைத் திருப்பிக் கொடுங்கள் என்று எழுத அவளுக்குக் கை வருமா?

ஐந்து முறை எழுதி ஐந்து முறை அழித்தாள். தேய்த்துக்கொண்டிருந்த பல்செட் கையிலிருந்து நழுவித் தெறித்து, மெஷினுக்கு அடியில் போய் விழுந்தது. தண்ணீர் குடிக்க எழுந்தாள், குடிக்காமல் வந்து உட்கார்ந்தாள். கால் அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. மெழுகு அக்கா தலையை நிமிர்த்தாமலே, அவள் ஸ்டூலுக்குத்தான் முதலில் பல் கட்ட வேண்டும், குளிரில் பல் அடிக்கிற மாதிரித் தடதடக்கிறது என்றாள்.

செவ்வாய் மாலை டாக்டரிடம் போய் அளவு கொடுத்துவிட்டு வந்தாள். டாக்டர் நல்ல ஈறு என்று பாராட்டினார். புதன்கிழமை அந்த அளவு, லேபுக்கு வரும் மற்ற அளவுகளோடு ஒரு டப்பாவில் வந்து இறங்கியது. டப்பாமேல் அவள் பெயரைப் பார்த்ததும், பிளாஸ்டர் நான் ஊற்றுகிறேன் என்று கையை நீட்டினாள். அக்கா டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். சொந்த வாய்க்கோ சொந்தக்காரர் வாய்க்கோ யாரும் வேலை செய்யக் கூடாது என்பது லேபில் எழுதி மாட்டாத சட்டம். பாசத்தில் கை கோணும் என்பார் அண்ணன்.

அக்கா ஊற்றினாள். முக்கால் மணி நேரத்தில் அச்சு இறுகியது. அதைப் பிரித்து, ஓரத்தைச் சீவி, விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்த அக்காவின் கை அப்படியே நின்றது. மெஷின் சத்தத்துக்கு நடுவே பாலிஷ் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அக்கா அச்சைக் கொஞ்சம் திருப்பினாள். பக்கவாட்டில் வைத்துப் பார்த்தாள். பிறகு மேசையின் இழுப்பறையைத் திறந்து போனை எடுத்தாள். அக்காவும் குழுவில் உண்டு. ஒரு நாளும் வாய் திறக்காமல், செம்பருத்திப் பூப் படத்துக்குப் பின்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் படிக்கிறவள்.

அப்போதுதான் பாலிஷுக்கு உறைத்தது. ஊரில் நாலு பேருக்கு அந்தப் படம் ஒரு பிளாஸ்டர் கட்டி. ஆனால் இந்தத் தொழிலில் முகத்தை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? தெருவில் பார்த்தவரை அடையாளம் தெரியாமல் தாண்டிப் போவார்கள், அவர் கொட்டாவி விட்டால் இன்னாருடைய அச்சு என்று திரும்பிப் பார்ப்பார்கள். முகத்தை ஒளிக்கிறேன் என்று இவர்கள் நடுவில் போய் அவள் மாட்டிவைத்தது தன் முகத்தையேதான். அண்ணன் இத்தனை நாள் கண்டுபிடிக்காதது, தெத்துப்பல் ஒரு கிழவர் என்று அவர் மனது முன்னாடியே முடிவு செய்துவிட்டதால் மட்டும்தான்.

அக்கா மெஷினருகே வந்து நின்றாள். அண்ணன் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் மூஞ்சியக் காட்டப் பயந்து பூ வைப்பாங்க, பொம்ம வைப்பாங்க. நீ என்னடி, மூஞ்சியவே வெச்சிருக்க?"

பாலிஷ் கண்ணாடி அறைப் பக்கம் பார்த்தாள். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கண்ணாலேயே கேட்டாள்.

"சொல்றதுக்கு நான் யாரு" என்றாள் அக்கா. "நாலு வருஷமா நான் பல் நடுறது யாரக் கேட்டுன்னு நெனக்கிற? அந்தப் பெரியவரக் கேட்டு. அவரு என் முதுகுக்குப் பின்னாடி தூசி பறக்க உக்காந்திருக்காரு, எனக்குத் தெரியல." கோபமா சந்தோஷமா என்று கண்டுபிடிக்க முடியாத குரல். அன்று முழுக்க அக்கா மறுபடி பேசவில்லை. வியாழக்கிழமையும் பேசவில்லை. அச்சு மட்டும் அவள் மேசையில், ஈரத்துணிக்கடியில் இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அண்ணன் அந்தத் துணியை எடுத்துப் பார்த்துவிட்டு, ஏன் இன்னும் வெட்டவில்லை என்று கேட்டார். பல்லை வாயில் பிடுங்குவதற்கு முன்னால் அச்சில் வெட்டிவிடுவார்கள். அது லேபின் முறை. அச்சில் தெத்துப்பல்லைச் சீவியெடுத்து அந்த இடத்தைச் சமன் செய்தால்தான் புதுப் பல்லை முன்கூட்டியே தயார் செய்து வைக்க முடியும். பிடுங்கிய அன்றே தற்காலிகமாகப் பொருத்தி அனுப்பலாம். வழக்கமாக அக்கா அதைப் பேச்சு நடுவில் இரண்டு இழுப்பில் முடிப்பாள்.

அக்கா கத்தியைக் கையில் எடுத்தாள். அச்சை இடது கையில் பிடித்தாள். கத்தி முனையைப் பல்லின் அடியில் வைத்தாள். பிறகு அண்ணனைப் பார்க்காமல் மெஷின் பக்கம் திரும்பினாள்.

"பாலிஷு. வெட்டவா?"

அண்ணன் சிரித்தார். இதற்கெல்லாமா உத்தரவு கேட்பார்கள், கோழியையா அறுக்கிறாய் என்றார். அக்கா சிரிக்கவில்லை. கத்தி அங்கேயே இருந்தது. பாலிஷ் மெஷினை நிறுத்தினாள். சக்கரம் சுற்றிச் சுற்றி அடங்கியது. ஐந்து நாளாக நாக்கு ஓடி ஓடிப் போன இடம் இப்போது மரத்துப்போனது போலிருந்தது, ஊசி இன்னும் போடாமலே. அம்மா தட்டின் முன்னால் அழுதது ஞாபகம் வந்தது. டாக்டர், லீவு, அண்ணன் செய்த ஏற்பாடு எல்லாம் வரிசையாக வந்து நின்றன. எல்லாமே நல்லவை. ஒன்றைக்கூட வேண்டாம் என்று சொல்ல அவளிடம் ஒரு நியாயம் இல்லை, அது தன்னுடையது என்பதைத் தவிர.

"வேணாக்கா."

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். அவ்வளவு வேகமாக வைத்தாள், முன்னாடியே வைக்கக் காத்திருந்தவள் போல.

அண்ணனுக்குப் புரியவில்லை. பயமா என்று கேட்டார். டாக்டர் கைராசிக்காரர் என்றார். அம்மாவிடம் என்ன சொல்வது என்றார். அவர் குரல் ஏறியது. நல்லது செய்யப் போனவரின் குரல் அப்படித்தான் ஏறும். பாலிஷ் எழுந்து நின்றாள். பேசினால் இப்போது பேச வேண்டும், உட்கார்ந்துவிட்டால் இனி வராது.

"அண்ணே, ரேடியோ அம்மாவுக்கு நடுவுல எடம் விடச் சொன்னது நான்."

"எடமா? அது எனக்குத் தோணுனதும்மா."

"ஒரு காயிதம் நுழையிற அளவுன்னு உங்களுக்கு எழுதுனேன். நீங்க உள்ள இருந்தீங்க. நான் இங்க இருந்தேன்."

அண்ணன் அக்காவைப் பார்த்தார். அக்கா அச்சை அவர் கையில் வைத்தாள், பக்கவாட்டில் திருப்பி, வெளிச்சம் ஜன்னலிலிருந்து விழுகிற மாதிரி. அண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். ஆயிரக்கணக்கான வாய் பார்த்த கண். கொஞ்ச நேரம்தான் ஆயிற்று. பிறகு பக்கத்திலிருந்த ஸ்டூலில் மெதுவாக உட்கார்ந்தார்.

"லேபுக்கு வாங்கன்னு வேற கூப்பிட்டேனே" என்றார் கடைசியில், தனக்குத்தானே. காது சிவந்திருந்தது. டீச்சருடைய பல்செட்டும் அவள் வேலைதானா என்று கேட்டார். ஆமாம் என்றாள். மெழுகில் கை வைத்தாயா என்றார். வைத்தேன் என்றாள். அதற்கு அவர் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது மன்னிப்பா, திங்கட்கிழமை சொல்லப் போகிறாரா என்று தெரியவில்லை. டாக்டருக்குத் தான் சொல்லிக்கொள்வதாகவும், அம்மாவுக்கு அவளே சொல்லட்டும் என்றும் சொல்லிவிட்டுக் கண்ணாடி அறைக்குள் போனார். போகும்போது அச்சையும் கொண்டுபோனார். அறை வாசலில் நின்று திரும்பி அவளைக் கூப்பிட வாயெடுத்தவர், என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் கையை மட்டும் ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவள் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு வந்தாள். குழுவில் இன்னும் அறுபது பேர் ஐயாவைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அதைத் தள்ளிவிட்டு அம்மாவை அழைத்தாள். கேன்டீனில் சாப்பாட்டு நேரம் முடிந்து தட்டு கழுவுகிற சத்தம் கேட்டது.

"நாளைக்கு வேணாம்மா."

ஊசி போட்டால் ஒன்றும் தெரியாது, எறும்பு கடித்த மாதிரிதான் இருக்கும் என்று அம்மா தொடங்கினாள். பயமில்லை என்று அவள் சொன்னதும் நிறுத்தினாள். தட்டுச் சத்தம் தூரமாகப் போனது. அம்மா எங்கோ ஓரமாக நகர்ந்திருப்பாள்.

"நான் வருத்தப்படுறேன்னு வேணாங்கிறியா?"

"இல்லம்மா. எனக்கு இது இருக்கட்டும்."

"அப்ப ஒம்பது வயசுல நான் கம்பி கட்டிவிட்டிருந்தா?"

அவள் ஒரு படி இறங்கினாள், மறுபடி ஏறினாள். நீ செய்ததுதான் சரி என்று சொல்லிவிடலாம். அம்மா நம்பமாட்டாள்.

"கட்டிவிட்டிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்" என்றாள். "அப்ப நல்லா இருந்திருக்கும். இப்ப எனக்கு வேணாம்."

அம்மா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. பிறகு யாரோ அம்மாவைக் கூப்பிட, இதோ வருகிறேன் என்று அந்தப் பக்கம் சொன்னாள்.

"லீவு சொல்லிட்டேனே" என்றாள். "நாளைக்குக் காலையில நான் என்னதான் செய்யிறது?"